போன மாத வாசிப்பு

மாமாவைத் தோயவார்ப்பது
வெயில் ஏறின பிறகுதான்.
நிரஞ்சலா இரவு டியூட்டி முடிந்து
பெரியாஸ்பத்திரியால் வந்து படுத்திருப்பாள்.
அவளை எழுப்பாமல்
கதிரையைத் தொட்டியடிக்கு இழுக்க வேண்டும்.
கதிரைக் கால் கிறீச்சிட்டால்
"ஆரது கேற்றில?" என்று கத்துவார்.
ஒருத்தரும் இல்லை மாமா, கதிரை.
"கதிரையை உள்ள வரச்சொல்லும்."

முப்பத்தொரு வருசம் மின்சாரசபையில்
மீற்றர் பார்த்தவர்.
கோண்டாவில், இணுவில், தாவடி.
எந்த வளவில் நாய் கடிக்கும்,
எந்த வீட்டில் கள்ளக் கரண்ட்,
எல்லாம் தெரிந்த தில்லையம்பலத்தார்.
இப்போது மகளின் பெயர்
சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.
ஆனால் விறாந்தைச் சுவரில்
மீற்றருக்குக் கீழே போய் நின்றால்
இலக்கங்களில் ஒன்றையும் பிழைவிடமாட்டார்.
கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
ஒரு நாளைக்கு எட்டுத்தரம், ஒன்பதுதரம் எழுதுவார்.
'போன மாத வாசிப்பு' என்று எழுதி
அதற்கு நேரே
பேனை நின்றுவிடும்.

கண்ணில் சவுக்காரம் படாமல்
நெற்றியில் கையை அணைகட்டி வார்க்கிறேன்.
"தம்பி நல்ல பெடியன்.
ஆரின்ர மகன்?"

கிணற்றுக்குள் இறங்கிப் பம் திருத்துகிற எனக்கே
இந்தக் கேள்வியின் ஆழம் தட்டுப்பட்டதில்லை.
முந்தி ஒருநாள்
படலைக்கு வெளியே நிற்கவைத்து இதைத்தான் கேட்டார்.
அப்பாவின் பெயரைச் சொன்னேன்.
அதோடு பதினொரு வருசம்
என்னோடு ஒரு சொல் இல்லை.
இன்றைக்கு முதுகு தேய்க்கிற சாட்டில்
பதில் சொல்லாமல் விட்டேன்.

எங்கள் பெடியன் பிறந்தபோது வந்தவர்தான்.
முற்றத்தில் நின்று பிள்ளையைப் பார்த்தார்.
நிரஞ்சலா நீட்டிய தேத்தண்ணி
மதிலில் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.
போகும்போது
"உங்கட மீற்றர் வேகமா ஓடுது" என்றார்,
சுவரைப் பார்த்து.
இதே சுவர்.

தலை துவட்டுகிறேன்.
கிட்ட வரச்சொல்லி
காதுக்குள் இரகசியம் சொல்கிறார்:
"என்ர பெட்டையை ஒருத்தன் கூட்டிக்கொண்டு போட்டான்.
பம் திருத்துறவன். மோகனதாஸ்.
அவையின்ர வீட்டில தண்ணி கிண்ணி குடிச்சிடாதையும்."

என் பெயரை அவர் வாயால் கேட்பது
இதுதான் முதல்தரம்.
மகள் பெயரும் கரைகிற தலைக்குள்
என்னுடையது மட்டும்
துருப் பிடிக்காமல் கிடந்திருக்கிறது.
ஒரு கள்ளச் சந்தோசம் வந்தது;
வரவில்லை என்றால் பொய்.

சாரம் கட்டிவிட வேண்டும்.
நிற்கத் தெம்பில்லாமல்
என் தோளைத்தான் பிடித்திருக்கிறார்.
எத்தனையோ கேட்டிருக்கலாம்.
வாயில் வந்தது இவ்வளவுதான்:
"அவன் பெட்டையை நல்லாப் பாக்கிறானோ?"

யோசித்தார்.
பேனை நிற்கிறபோது வருகிற அந்த முகம்.
"தெரியேல்லைத் தம்பி.
நான் ஒருநாளும் உள்ள போய்ப் பாக்கேல்லை."

பிறகு விடாய்க்குது என்றார்.
செம்பில் கொடுத்தேன்.
மூன்று மிடறு உள்ளே போனது.
நாலாவது தாடையால் வழிந்து
என் முழங்கைவரை ஓடியது.

நிரஞ்சலாவுக்கு இதைச் சொல்லவில்லை.
சொன்னால் அவரோடு சண்டைக்குப் போவாள்;
சண்டை பிடிக்க
அங்கே ஆள் இருக்க வேண்டும்.

பின்னேரம் கொப்பியோடு வந்தார்.
இலக்கம் எழுதி முடித்து
"வீட்டுக்காரற்றை பேர்?" என்றார்.
மோகனதாஸ்.
ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.
'ஸ்'ஸுக்குப் புள்ளி வைத்துவிட்டு
கொஞ்சநேரம் அதையே பார்த்தார்.
"கேள்விப்பட்ட பேராக் கிடக்கு."

பேனையைப் பொக்கற்றில் குத்திக்கொண்டு
படியில் கவனமாகக் கால் வைத்தார்.
"நாயைக் கட்டி வையும்.
வாற மாதம் வருவன்."

எங்களிடம் நாய் இல்லை.
கட்டி வைக்கிறேன் என்றேன்.