இறக்குமதி: 214 பிழைகள்

லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி
கல்பிட்டியிலிருந்து கோப்பு வந்தது.
அனுப்பியவள் ரினோஸா.
மூன்று வழியாக எண்ணிப் பார்த்தும்
தூரத்து உறவென்றே வந்தவள்.

அவள் மென்பொருள் வேறு, என்னுடையது வேறு.
இரண்டுக்கும் நடுவே
ஒரு பொதுமொழி இருக்கிறதாம்.
இருக்கிறது.
நடுவே கடலும் இருக்கிறது.

இறக்குமதி என்ற பொத்தானை அழுத்தினேன்.
முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில்
சரக்கிறங்கும் கணக்கு எழுதியவன் நான்.
குறைவு, சேதம், கூடுதல்:
மூன்று பத்தியில் எந்தக் கப்பலையும் முடித்துவிடுவேன்.
இதிலோ ஆயிரத்து நூற்றெட்டுப் பேர்
அரை நிமிடத்தில் கீழக்கரையில் இறங்கி
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
கேள்விக்குறிகளோடு நின்றார்கள்.

எண்ணித்தான் அடையாளம் காணவேண்டியிருந்தது.
ஆறு கேள்விக்குறி என்றால் மீரான்.
காசிமுக்கும் ஆறுதான்.

ஹிஜ்ரி 1341இல் பிறந்த நெய்னா முகம்மது
நிரலின் கணக்கில் வெறும் 1341இல் பிறந்து
அறுநூற்று இருபத்தோரு வயதில்,
1962இல், சர்க்கரை வியாதியில் மௌத்தானார்.

வீடு பெண்ணுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம்.
அதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால்
வீட்டுப் பெயர்களைக் குறிப்பில் எழுதி அனுப்பியிருந்தேன்.
அவள் பக்கம் குறிப்புகள் போய்ச் சேரவில்லை.
பால்குடி உறவுக்கும் கட்டம் இல்லை.
வேறு வழியில்லாமல் 'மகன்' என்று போட்டேன்.
ஒருவருக்கு இரண்டு தாய் இருக்க முடியாது
என்று சிவப்பில் திருப்பி அனுப்பியது.
இருந்தார்கள். அடுத்தடுத்த வீடு.

இப்படி இருநூற்றுப் பதின்மூன்றையும் திருத்தினேன்,
மூன்று ராத்திரி, ஒரு வெள்ளிக்கிழமை.

கடைசி ஒன்று பிழைகூட இல்லை.
கேள்வி.
*இருவரும் ஒருவரா? பொருத்தம் 91 விழுக்காடு.*

இடப்பக்கம் என்னுடையவர்.
செய்யது அபூதாஹிர், உம்மாவின் சாச்சா.
பிறப்பு 1919. இறப்பு காலி.
ஐம்பத்தொன்று ஐப்பசியில்
கொட்டைப்பாக்கு ஏற்றிக்கொண்டு
கொழும்பை விட்ட தோணி
சேரவில்லை.
மையித்து வராததால் ஆமினா கனி மாமி இத்தா இருக்கவில்லை.
கத்தம் ஓத ஒரு தேதியும் இல்லை.
எண்பத்து மூன்றில் அவர் போனபோது
நான் நிரப்பிய கட்டத்தில் இன்னும் நிற்கிறது:
மணமானவர்.

வலப்பக்கம் அவளுடையவர்.
செய்யது அபூதாஹிர், கல்பிட்டி.
இறப்பு 1977. பிறப்பு காலி.
பிறந்த ஊர் என்ற இடத்தில்
'கடலுக்கு அந்தப் பக்கம்'.
பெண்ணும் ஆணுமாய் மூன்று பிள்ளை.
நடுவில் உள்ளவர் ரினோஸாவின் உம்மா.

பிறப்பு மட்டும் உள்ள ஒருவர்,
இறப்பு மட்டும் உள்ள ஒருவர்.
கணக்கில் இதைவிடச் சுத்தமாக
எதுவும் பொருந்தி நான் பார்த்ததில்லை.
ஒன்றாக்கினால்
ரினோஸா எனக்குத் தங்கச்சி ஆகிவிடுவாள்.
ஒன்றாக்கினால்
ஆமினா கனி மாமி ஆறு வருஷம்
விதவையாக இருந்திருப்பார்,
அதற்கு முந்தி இருபத்தாறு வருஷம்
என்னவாக இருந்தார் என்பதற்குக்
கட்டம் தேடவேண்டியிருக்கும்.

ஒன்றாக்கு. தனித்தனியாக வை. பிறகு கேள்.
மூன்று பொத்தானும் ஒரே நீலம்.

அஸருக்குப் பிறகு போன் அதிர்ந்தது.
அவளுக்கும் அதே கேள்வி வந்திருக்கும்.
என் கோப்புதானே அங்கேயும் இறங்கியது.

"காக்கா, நீங்க எத அமத்தினீங்க?"

இங்கே கரண்ட் இல்லை, ரினோஸா
என்று எழுதினேன்.
தலைக்கு மேலே மின்விசிறி
சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது.