ஃபியூஸ் கட்டை

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார் லைன்மேன்.
ஸ்டூலில் ஏறி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி
காக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு
"ஞான் எந்து செய்யான், மோளே" என்றார்.
ஷம்லா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.
குடித்தார்.

மூன்று அறைக்கும் ஒரே மீட்டர்.
முதல் அறையில் இருந்த கொழிஞ்சாம்பாறைப் பையன்கள்
கடைசிப் பரீட்சை எழுதிய ராத்திரியே காலி செய்துவிட்டார்கள்,
அவர்களுடைய இண்டக்‌ஷன் அடுப்பு தின்றதை
எங்கள் தலையில் கட்டிவிட்டு.
நடு அறையில் வீட்டுக்காரரின் உர மூட்டைகள்.
அவை மின்சாரம் கேட்பதில்லை.
எண்ணூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.

சித்தூரில் மார்ச் மாதம்.
கணவாய்க் காற்று ஓய்ந்துபோய்
ஓடு கொதிக்கும் மாதம்.
விடுதியின் காத்திருப்புப் பட்டியலில் நான் முப்பத்தொன்று.
முப்பதாவது ஆள் ஷம்லா.
உதவித்தொகையைப் பற்றிக் கேட்டால்
'பரிசீலனையில்' என்கிறது திரை,
ஓணத்திலிருந்து அதே சொல்.

நூலகம் ஏழு மணிவரை.
அதன்பிறகு தத்தமங்கலம் பஸ் நிறுத்தத்து விளக்கு.
'மானியம் என்றால் என்ன? விளக்குக.' ஐந்து மதிப்பெண்.
கொசு அடித்துக்கொண்டே படித்தேன்.
நாலு கிடைத்தது.

சங்கத்து நிதியில் கொஞ்சம் இருக்கிறது,
விண்ணப்பம் கொடு என்றார் பொருளாதாரத் துறை டீச்சர்.
விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று வேண்டும்,
வருமானச் சான்றுக்கு வில்லேஜ் ஆபீஸ்,
வில்லேஜ் ஆபீசுக்கு, இங்கேதான் குடியிருக்கிறேன்
என்பதற்கு ஒரு காகிதம்.
வாடகைப் பத்திரம் கேட்டேன் கங்காதரேட்டனிடம்.
"எழுதினா வரி வரும்" என்று
மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார்.

கதவு எண் அச்சடித்த காகிதம்
எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது:
மின்சாரத்தை நிறுத்தப்போகிறோம் என்ற நோட்டீஸ்.
அதை மூன்று ரூபாய்க்கு நகலெடுத்தோம்.

மலையாள எழுத்துகளை நான் மெதுவாகத்தான் வாசிப்பேன்.
நம் எழுத்தே தண்ணீரில் ஊறி
உப்பிக்கொண்ட மாதிரி இருக்கும்.
குமாஸ்தா என்னைவிட வேகமாக வாசித்தார்.
"யாரிந்தக் குஞ்ஞுலக்ஷ்மி?"
வீட்டுக்காரரின் அத்தை, சார்.
"அவங்க இருக்காங்களா?"
அவங்களும் இல்லை சார், கரண்டும் இல்லை
என்றாள் ஷம்லா.

நான் அவள் காலை மிதித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
சீலை மையில் இரண்டு முறை ஒற்றி
ஒரு முறை அழுத்தினார்.
'தங்கவேணி' என்பதில் ஒரு கொம்பைக் காணோம்.
திருத்தக் கேட்டால் இன்னொரு செவ்வாய்க்கிழமை
ஆகிவிடுமென்று வாங்கிக்கொண்டேன்.

ஐந்நூறு கொடுத்தது சங்கம்.
மிச்சத்துக்கு
முதலமடையில் ஒரு ஞாயிறு முழுக்க
மாங்காய்க்கு வைக்கோல் வைத்தேன்.
பால் பட்டு மணிக்கட்டு பொத்துப்போனது.
ஷம்லா இரண்டாம் வருஷத்துக் கைடுகளை
ஜூனியர்களுக்கு விற்றாள்,
அடிக்கோடு போட்டதற்குத் தனியாகப் பத்து ரூபாய் வைத்து.

வெள்ளிக்கிழமை ராத்திரி
பஸ் நிறுத்தத்தில் படித்துவிட்டு வந்தால்
எங்கள் அறை ஜன்னலில் வெளிச்சம்.
திருடன் என்றுதான் முதலில் நினைத்தோம்.

சுவிட்சை அணைக்காமலே இருந்திருக்கிறோம் இத்தனை நாளும்.
மத்தியானமே வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் அவர்.
பூட்டின அறைக்குள்
யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தது மின்விசிறி.
விண்ணப்ப நகல்கள், நோட்டீஸ், ரசீது
எல்லாம் பாய்மேல் பறந்து கிடந்தன.

அணைடீ, அணை, என்று கத்தினாள் ஷம்லா.
அணைத்தேன்.
இருட்டில் கொஞ்சநேரம் நின்றோம்.
ஆறு மணிநேரம், எழுபது வாட்,
ஒரு பல்பு வேறு என்று
அவள் விரல்விடுவது கேட்டது.
"மூணு ரூபா கூட இருக்காது" என்றாள்.

ஒரு நகலெடுக்கிற காசு.
சரி, என்று மறுபடி போட்டேன்.