முழங்கை

சாட்ஸ்வொர்த். இரவு இரண்டு மணி.
குறைமாதக் குழந்தைகளின் அறை.
மூன்றாவது கண்ணாடிப் பெட்டியும் காலியான பிறகு
பஞ்சுக்குச்சியோடு சுற்றி வருகிறேன்:
குழாய், கதவுப்பிடி, தராசின் விளிம்பு,
டாக்டர் கோவெந்தரின் பேனா.

அவர் நன்றாகத்தான் கழுவுகிறார்,
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு.
பிறகு அதே கையால்
குழாயின் நீளப் பிடியை மூடுகிறார்.

தரை துடைக்கும் புசிசிவே
முழங்கையால் தள்ளுகிறாள்.
யார் சொல்லித் தந்தது?
"வீட்டில் கோழி அறுப்போம், சிஸ்டர்.
ரத்தக் கையால் திறந்ததைக்
கழுவிய கையால் தொடுவேனா?"

ஆய்வக முடிவு வெள்ளிக்கிழமைதான் வரும்.
நான் காத்திருக்கவில்லை.
பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்
பிடியின் மேலேயே, சிவப்பு மையில்.

நான்காவது பெட்டியில்
லோஷ்னி பிள்ளையின் மகள்,
ஒன்பதாம் நாள்,
இன்னும் பெயர் வைக்கவில்லை,
கொட்டாவி விடுகிறாள்.