217ஆம் வரிசை

செவ்வாய், வியாழன் மாலைகளில்
கென்ட் ரிஜ் நிலையத்தில் இறங்கி
தாதிச் சீருடைமேல் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு
மாணவி ஆகிவிடுகிறேன்.
எனக்கு வயது நாற்பத்தொன்று.
முன்வரிசைப் பிள்ளைகளுக்கு
என் பணி அனுபவத்தைவிட
இரண்டு வயதுதான் கூடுதல்.

பேராசிரியை க்வா பலகையில் ஒரு படிக்கட்டு வரைகிறார்.
இறங்க மட்டுமே தெரிந்த படிக்கட்டு.
ஒவ்வொரு படியும் ஒருவர்.
சில படிகள் இருவர்.
'உயிர்பிழைப்பு வளைவு' என்கிறார்.
வளைவே இல்லை,
எல்லாம் செங்கோணம்.

நடுநடுவே தட்டையான இடங்களில்
சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள்.
அவர்கள் இறந்தவர்கள் இல்லை.
வருவதை நிறுத்திக்கொண்டவர்கள்.
அவர்களுக்காகக் கோடு இறங்காது.
ஆனால் அடுத்த படியில்
வகுக்கும் எண்ணில் ஒன்று குறைந்திருக்கும்.
இதற்கான ஆங்கிலச் சொல்லை
அகராதியில் தேடினேன்:
தணிக்கை.
சினிமாவில் முத்தத்தை வெட்டுவார்களே, அது.

பயிற்சிக்குத் தந்த தரவில் அறுநூற்று நான்கு பேர்.
எல்லோருக்கும் சிறுநீரகம் கைவிட்டிருந்தது.
பெயர் கிடையாது, அடையாள எண் கிடையாது.
இனம் என்றால் ஒன்றிலிருந்து நான்கு வரை.
நான் மூன்று.

217ஆம் வரிசையும் மூன்று.
ஆண். ஐம்பத்தெட்டு. நீரிழிவு உண்டு.
முதல் ரத்தச் சுத்திகரிப்பு, தீபாவளிக்கு மறுநாள்.
அன்று விடுப்பு கிடைக்காத தாதி
நான்தான்.
ஒன்பதாம் நாற்காலி.
ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு
சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை
முதலிலிருந்து வாசிப்பார்,
உதடசைய.
பெயரைச் சொல்ல மாட்டேன்.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பதினான்கு மாதம்.
பிறகு கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளி.
மென்பொருளுக்குப் புள்ளி என்றால்
தெரியாது என்று பொருள்.
தமிழ் படித்தவளுக்கு
வாக்கியம் முடிந்தது என்று பொருள்.

"தொலைந்தவர்கள் தற்செயலாகத் தொலைந்தார்கள்
என்று வைத்துக்கொள்வோம்," என்கிறார் க்வா.
பக்கத்தில் ஃபௌசியா
அதை அப்படியே தட்டச்சு செய்கிறாள்.
நான் கையைத் தூக்கினேன்.
ஷிஃப்ட் மாறியதால் வராதவர்,
டாக்சிக்குக் காசில்லாமல் வராதவர்,
மகளுக்குப் பாரமாக வேண்டாமென்று
பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனவர்,
இவர்களை எப்படித் தற்செயலில் சேர்ப்பது?
"நல்ல கேள்வி. பத்தாம் வாரத்தில் வரும்."
அது ஆறாம் வாரம்.

ஞாயிற்றுக்கிழமை.
கிளமெண்டி உணவங்காடி நிலையம்.
வீட்டுக்கு மீ கோரெங் கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினால்
தூணோரத்து மேசையில்
217.

மெலிந்திருக்கிறார். தலையில் தொப்பி.
இடக்கையில் அந்தப் புடைப்பு,
அதன்மேல் நேற்றைய பிளாஸ்திரி.
வேறெங்கோ, வேறொரு நாற்காலி.
முன்னால் தம்ளரில் வெறும் பனிக்கட்டி.
ஒன்றை வாயிலிட்டுச் சப்புகிறார்,
மிச்சத்தை எண்ணுகிறார்.
எதிரில் ஒரு பெண்மணி
உருளைக்கிழங்குக்காகத் திட்டுகிறார்.
இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு
'உங்கள் தட்டைத் திருப்பி வையுங்கள்' அறிவிப்பை
முதலிலிருந்து வாசிக்கிறார்,
நான்கு மொழியிலும்.

தாதி என்றால் போய் வணக்கம் சொல்லலாம்.
மாணவிக்கு வழியில்லை.
நெறிமுறைக் குழுவுக்கு எட்டுப் பக்க விண்ணப்பம்,
அதிலும்
'பசியோடு வரிசையில் நின்றபோது கண்டேன்' என எழுத
ஒரு கட்டம் இருக்காது.
என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
பொட்டலம் கையைச் சுட்டது.

இரவு பதினொன்றரைக்கு
மகள் தூங்கியபின் நிரலை ஓட்டினேன்.
படிக்கட்டு திரையில் வந்து நின்றது.
பதினான்காம் மாதத்தில்
உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற
ஒரு குறுக்குக் கோடு.
புள்ளியை நான் தொடவில்லை.
தரவு தரவாகவே இருக்கிறது.

குறுக்குக் கோடுகளின் அளவை மாற்ற
ஒரு கட்டளை உண்டு.
பெரிதாக்கினேன், எல்லோருக்கும்.
க்வா கேட்டால்
கண் மங்குகிறது, வயதாகிறது
என்று சொல்லிக்கொள்ளலாம்.