எட்டுப் புள்ளி எழுத்து

நேற்றிரவு பகாவில் இறங்கிய இடியில்
எடைமேடை அறையின் திரை செத்துப்போனது.
சியோங் கடையிலிருந்து நாற்பது வெள்ளிக்கு
ஒரு பழைய திரை வந்தது,
மூலையில் யாரோ ஒட்டிய டுரியான் ஸ்டிக்கரோடு.

கணினிக்கு அதை அடையாளம் தெரியவில்லை.
நீ யார், எவ்வளவு அகலம் என்று கேட்டிருக்கும்;
பதில் வராததால்
அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது என்று
தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

எல்லாம் வீங்கிக் கிடந்தது.
ரசீதின் மேல்பாதிதான் தெரிகிறது.
'பதிவு செய்' பொத்தான்
திரைக்கும் கீழே, மேசைக்குள் எங்கோ.
ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு
மொத்தத்தையும் மேலே இழுத்தேன்,
சேற்றைத் தாண்ட சேலையைத் தூக்குகிறவள்போல்,
ஒரு ரசீதுக்கு ஒரு தடவை.
ஏழு லோரி. செம்பனைக் குலைகளின் புளித்த வாசம்.
ஹார்ன்.

பசியாறப் போகாமல்
கறுப்புப் பெட்டியில் தட்டினேன்:
சிவிடி 1366 768 60.
நீளமாய் ஒரு வரி எண்களைத் துப்பியது.
அதை அப்படியே அள்ளி எக்ஸ்ராண்டருக்கு ஊட்டினேன்.
அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது.
மறுபடி. இல்லை.
மூன்றாம் தடவைதான் கண்ணில் பட்டது,
விஜிஏவுக்கும் ஒன்றுக்கும் நடுவில்
ஒரு சிறு கோடு.
அந்தக் கோட்டுக்காக நாகமுத்து
அரைமணி நேரம் வெயிலில் நின்றார்.

திரை கறுத்தது.
நான்கு நொடி. மூச்சு விடவில்லை.
பிறகு விரிந்தது, ஓரம் முதல் ஓரம் வரை.
எழுத்தெல்லாம் இப்போது எள்ளாய்ச் சிதறியிருந்தன.
கண்ணாடி போடச் சொன்னார் டாக்டர்,
அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
எழுத்தளவை ஏற்றினேன்.
ஒன்றேகால். ஒன்றரை.
'ழு'வின் வால் கீழ்வரியில் இடித்தது, இடைவெளியைத் தளர்த்தினேன்.
இரண்டில் நிறுத்தினேன். அப்பாடா.

அப்போதுதான்
சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நாகமுத்துவின் குரல்:
"மொத்தம் ஒன்பதாயிரத்து நானூறு கிலோ…
கழிவு,
ஆறு விழுக்காடா?"

பதினோரு வருசமாய் அந்தக் கட்டம் அங்கேதான் இருக்கிறது,
எட்டுப் புள்ளி எழுத்தில்.
பின்னாலிருந்து ரம்லி இறங்கி வந்தார்.
"பெராபா?" என்றார்.
நாகமுத்து ஆறு விரலைக் காட்டினார்.
ஒவ்வோர் எஞ்சினாய் அணைந்தது.

மத்தியானம் மேனேஜர் தேவசகாயம் வந்தார்.
திரையைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார்.
"எழுத்து ரொம்பப் பெருசு, ரஞ்சிதம். பழையபடி ஆக்கு."
"இது லினக்ஸ், சார்.
திரையும் பழசு.
இதுக்குமேல எழுத்து இறங்காது."
கடைசி வாக்கியம் மட்டும் பொய்.

அவர் போனபிறகு உறைத்தது:
அணைத்துப் போட்டால் இது எல்லாவற்றையும் மறந்துவிடும்,
காலையில் மறுபடி வீங்கி எழும்,
யாரையாவது கூப்பிடுவார்கள்.
ஐந்தரைக்கு ஆலைச் சங்கு ஊதியது. நான் எழவில்லை.
தொடக்கக் கோப்பைத் திறந்து
அந்த எண்களை, அந்தச் சிறு கோட்டோடு,
வரி வரியாய் எழுதிச் சேமித்தேன்.

ஒரு தடவை அணைத்தேன். ஏற்றினேன்.
வெளியே போய்
லோரி நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன்.
கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.