ஓடு கழற்றும் கலம்

பாசையூர்க் கரையில் ஞானசீலி
கடலட்டையின் வயிற்றைக் கீறிப் பிதுக்குகிறாள்.
தோல் அவித்துக் காய்ந்து கப்பலேறும்.
குடல் எனக்கு:
ஐஸ்கிறீம் பெட்டி நிறைய, சும்மா.

"உது பட்ட கையாலை கண்ணைத் துடைச்சிடாதேங்கோ."
தன் வேர்வையை முழங்கையால் வழித்துக்கொள்கிறாள்.
அந்த எரிவுக்காகத்தான் வந்தேன் என்று சொல்ல
வெட்கமாயிருந்தது.

மெதனோலில் ஊறவைத்து, வடித்து, பிரித்து
மூன்று கிழமையில் மிஞ்சியது
கடுகளவு வெள்ளைத் தூள்.
நீர் விட்டுக் குலுக்கினால்
சவர்க்காரம் போல நுரைக்கும்,
மீன் கடிக்காமலிருக்க அட்டை வைத்திருந்த நஞ்சு.

தட்டில் இருப்பவை
என்றோ இறந்த ஒருத்தியின் மார்புக் கலங்கள்.
அவள் போய் ஐம்பது வருசத்துக்கு மேல்.
இவை சாக மறந்து
தட்டுக்குத் தட்டு பெருகுகின்றன.
கலம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்;
கடலில் போவதற்கும் அதே சொல்.

பின்னேரம் துளியை விட்டேன்.
இரவு பதினொன்றுவரை ஒன்றுமில்லை.
பிறகு

வெடிக்கவில்லை.
வெடித்துச் சாவது எனக்குத் தெரியும்,
அதைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை.
இது இடம்பெயரும் வீடு.
ஓட்டைக் கழற்றி அடுக்கி
யன்னல் கழற்றி, நிலை கழற்றி
லான்ட்மாஸ்டரில் ஏற்றிய பிறகும்
அப்பா முற்றத்தைக் கூட்டிவிட்டு வந்த வீடு.

இழைமணியில் முதல் துளை விழுகிறது.
கஸ்பேஸ்கள் கத்தரிகளோடு இறங்குகின்றன.
கரு சுருங்க, சவ்வு குமிழ்விட,
கலம் சின்னச் சின்னப் பொட்டலமாகிறது;
பக்கத்துக் கலம் வாங்கி விழுங்கிவிடுகிறது.
வீக்கமில்லை, சீழில்லை.
அறுந்த மரபிழையை ஜெல்லில் ஓடவிட்டால்
படிபடியாய் ஓர் ஏணி தெரியும்,
கூரைக்குச் சாத்தியது போல.

அம்மாவின் வயிற்றில்
என் விரலிடுக்கிலும் தாராவுக்குப் போல
சவ்விருந்ததாம்.
அந்தக் கலங்கள் நேரத்துக்குச் செத்தபடியால்
இந்தக் குழாயியைப் பிடிக்கிறேன்.

அடுத்த தட்டு. நல்ல கலங்கள்.
அவையும் ஓடு கழற்றிக்கொண்டிருந்தன.

செறிவைப் பாதியாக்கு என்று எழுதினேன்.
யோசித்து,
அதிலும் பாதி.

சனிக்கிழமை ஞானசீலி கேட்டாள்:
"மருந்து வந்திட்டுதோ?"
"இல்லை. ஆள் பார்த்துக் கொல்ல
உது இன்னும் பழகேல்லை."
"பழகும்" என்றாள், கத்தியைக் கல்லில் இழுத்தபடி,
ஒரு பகிடிக்குச் சிரிப்பது போலச் சிரித்து.

பெட்டியின் மூடியில்
பென்சிலால் பதினேழு என்றிருந்தது.
எத்தனை அட்டை என்ற கணக்காக்கும் என நினைத்தேன்.

தெல்லிப்பளையில்
அவளுடைய தங்கச்சியின் கட்டில்.