பசை காயும்வரை

சட்பரி நூலகத்தின் நிலக்கீழ் அறையில்
எனக்கென்று ஒரு மேசை.
மெழுகு பூசிய நூல், வளைந்த ஊசி,
கோதுமைப் பசை,
பாரம் வைக்க இரண்டு நிக்கல் கட்டிகள்.
மேலே மாசி மாதத்துப் பனி.

கிழிந்து வருகிறவற்றில் பாதி பூதக் கதைகள்.
சமையல் புத்தகங்கள் கறைபட்டு வரும்.
சட்டப் புத்தகங்கள் போனபடியே திரும்பும்.
பூதங்கள் மட்டும் முதுகு உடைந்து,
இரவெல்லாம் யாரோ
தலையணைக்குக் கீழே வைத்து நெரித்தது மாதிரி.

எந்தப் பக்கம் அதிகம் அழுக்கு என்று
விரல்தான் முதலில் அறியும்.
கொலை நடக்கும் பக்கம் என்று நினைத்திருந்தேன்.
இல்லை.
குளத்தடியில் நூறு வருடம் கிடந்த ஒன்று
முதன்முறை வாய் திறந்து
"நேரம் என்ன?" என்று கேட்கும் பக்கம்.
வேறு கோளிலிருந்து வந்த எட்டுக்கால் சீவன்
நீட்டிய கோப்பையை
எந்தக் காலால் வாங்குவதென்று கூச்சப்படும் பக்கம்.
அங்கேதான் ரேகைகள், ஜாம்,
ஒருமுறை மூக்கு இரத்தம்.

ஓரத்தில் பென்சிலால் ஒரு பிள்ளை எழுதியிருந்தது:
இதுக்குப் பசிக்குது, ஒருத்தரும் கேட்கேல்லை.
அழிக்க வேண்டும் என்பது விதி.
அழித்தேன்.
எழுத்தின் பள்ளம் போகவில்லை.

ஒடெட் கோப்பியோடு படியிறங்கி வருவாள்.
பூதமென்று தனியாக ஒன்றுமில்லை என்பாள்,
பயந்துபோன நாம்தான் அது என்பாள்.
நல்லவள்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்,
எங்களிடமும் அப்படியொரு சொல் இருக்கிறது என்றேன்.
மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டாள்.

மீதியை நான் சொல்லவில்லை.

மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்.
அதைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு
தேத்தண்ணி குடிச்சியா பிள்ளை என்று கேட்டான்,
என் மொழியில், பிழையில்லாமல்.
பிறகு கதவைச் சாத்தினான்.
அந்த அறையில் இருட்டே இல்லை.
குழல்விளக்கு.
நான் அரளவும் இல்லை, முதலில்.
மாலையில் மகளுக்குத் தொலைபேசியில்
பதின்மூன்றாம் வாய்பாடு சொல்லிக்கொடுத்தான்.
கதவுக்கு இந்தப் பக்கம் கிடந்து
நானும் கேட்டேன்.
இப்போதும் பதின்மூன்றால் பெருக்க வராது எனக்கு.

அவனைப் பற்றி ஒரு புத்தகமும்
இந்த மேசைக்குப் பழுதுபார்க்க வந்ததில்லை.
கொம்பில்லாதவன்
அட்டைப்படத்துக்கு உதவான்.

நேற்றுப் பஸ் நிறுத்தத்தில்
முகத்தில் பாதி மூடி, முழங்காலுக்குக் கீழே இறங்கும்
கறுப்பு அங்கியில் நின்றேன்.
ஒரு பையன் தாயின் பின்னால் ஒளிந்தான்.
சிரித்தேன். சால்வைக்குள் சிரித்து என்ன பயன்?
ஊருக்கு அப்பால் உலைக்கசடு ஊற்றினார்கள் போல,
வானத்தின் அடி கொஞ்சம் சிவந்தது.
அந்த வெளிச்சத்தில் அவன் என்னை முழுசாகப் பார்த்தான்.
கையசைத்தானா, கையுறையில் பனியை உதறினானா,
தெரியவில்லை.
பஸ் வந்துவிட்டது.

இன்று வந்த குளத்துப் பூதத்தின் புத்தகத்தில்
கடைசித் தாள் இல்லை.
கோபத்தில் கிழித்ததல்ல,
அடிமட்டம் வைத்து, ஒரு நூலும் பிசகாமல்.
அந்தத் தாளில்தான் ஊர் கூடிக் குளத்தை இறைக்கும்.
சேற்றில் புரளும் அதைச் சுற்றி நின்று
நல்ல மனிதர்கள் நேரம் பார்ப்பார்கள்.

தண்டர் பேயிலிருந்து பிரதி வந்திருக்கிறது.
தமிழில் எழுதினால் அந்த ஊரும் பயமுறுத்துகிறது.
விதிப்படி ஒட்ட வேண்டும்.
ஒட்டினேன்.
நேராக, சுருக்கம் விழாமல்,
நிக்கல் கட்டி இரண்டையும் மேலே ஏற்றி.
பசையில் மட்டும்
தண்ணீர் கொஞ்சம் கூட.